தண்ணீர் வரிசையில் கிடைத்த அக்கா

'முல்லைத்தீவுக் கிராமத்திலிருந்து பொறியியலாளரானவர்' என்று என்னை மேடையேற்றி, விடாமுயற்சியைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். உழைத்தேன்தான். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை என்னைவிடக் கூட எடுத்த வகுப்புத்தோழன் இன்று பரந்தனில் வன்பொருள் கடையில் கணக்கு எழுதுகிறான்.

2016 உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பக் கைநூலை வாங்கினேன். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு. அவற்றை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். வரிசையில் எழுதாததை யாரும் தரப்போவதில்லை. இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் அந்தப் பட்டியலில் இருப்பதுகூட எனக்குத் தெரியாது. அப்பா கடற்றொழிலாளி, வீட்டில் யாரைக் கேட்பது?

அப்போதுதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த அக்கா விடுமுறையில் வந்தார். உறவில்லை, ஊரும் வேறு. 2009இல் போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் எங்கள் கூடாரத்துக்கு அடுத்த கூடாரம் அவர்களுடையது. தண்ணீர் வரிசையில் என் தண்ணீர்க் கானையும் சேர்த்துப் பிடித்துத் தந்தவர். அந்தக் கூடாரம் இரண்டு வரிசை தள்ளி விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறத்தில் பென்சிலால் கோடு போட்டார். "மேலே ஆசையை எழுது தம்பி, கீழே கிடைக்கக்கூடியதை எழுது." மொறட்டுவை, பேராதனை என்று தொடங்கி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல், அதன் பின் பௌதிக விஞ்ஞானம் வரை இறங்கினார். இரண்டு முறை அழித்து எழுதியதில் தாள் கிழிந்தது. புதுக்குடியிருப்பில் இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, அதிபரின் கையொப்பத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த அலைச்சலைச் சொல்ல ஒன்றுமில்லை, வெயில்தான்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்தது. அந்தத் தோழன் மொறட்டுவை, பேராதனை என்று இரண்டு வரிகளோடு நிறுத்தியிருந்தான், ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியதையே போடு என்று யாரோ சொன்னார்களாம். மறுமுறை பரீட்சை எழுத வீட்டு நிலைமை விடவில்லை.

அந்த நாட்காட்டித் தாள் இரண்டு வாரம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவனோடு தினமும் சைக்கிளில் போய் வந்தேன். அவன் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. போட்டி எண்ணம் துளியும் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.