நான்காவது மெயின் கேப் ஒரு வழியாக வழிக்கு வந்தது

கடந்த சனிக்கிழமை பிற்பகல், சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நண்பருடைய பட்டறையின் பின்மூலையில், நான் பிரித்து மீண்டும் பூட்டிவரும் பழைய டீசல் இன்ஜினின் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), அதை பிளாக்கோடு பிடித்து வைக்கும் ஐந்து மெயின் கேப்களும் முழு இறுக்கத்தில் இருக்கும்போதே, என் ஒரு கையின் தள்ளலுக்குச் சுழன்றது. மூன்று வாரங்களாக இழுத்தடித்த வேலை என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் இசூசு 4ஜேபி1. 93 மில்லிமீட்டர் போர், 102 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 2,771 சிசி, டர்போ இல்லாதது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்ல என் தந்தையார் ஓட்டிய என்எச்ஆர் லாரியில் இருந்ததும் இதே வகைதான். சரக்கு வாகனங்களுக்கு இங்கே 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால் அந்த லாரி எப்போதோ போய்விட்டது. இது வேறொரு லாரியிலிருந்து கழற்றப்பட்டது. இது மீண்டும் சாலைக்குப் போகப்போவதில்லை, ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டுக் கேட்டால் எனக்குப் போதும். அவசரம் இல்லாததால்தான், உள்ளுறுப்புகளில் முடிந்தவரை பழையவற்றையே, அவை இருந்த இடத்திலேயே பூட்டுவது என்று பிடிவாதமாக இருக்கிறேன். கிராங்க், கேம், கனெக்டிங் ராடுகள், கேப்கள், கேம் முகடு தள்ளும்போது வால்வுகளைத் திறக்க உதவும் எட்டு டேப்பட்டுகள் அனைத்தும் பழையவை. ஜர்னல்களின் (கிராங்கில் தாங்கிகளுக்குள் சுழலும் உருண்டைப் பகுதிகள்) தேய்மானம் வரம்புக்குள் இருந்ததால் கடைசலுக்கும் கொடுக்கவில்லை. ஜர்னலைச் சுற்றி அமரும் அரைவட்டத் தாங்கித் தகடுகளான ஷெல்களை ஸ்டாண்டர்டு அளவிலேயே புதிதாக வாங்கினேன்.

டேப்பட்டுகளைப் பற்றிச் சற்றுப் பெருமை அடித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் தனக்குரிய கேம் முகட்டோடு தேய்ந்து பழகியது. மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். கழற்றியபோதே ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, பத்து முட்டைத் தட்டில் எட்டுக் குழிகளில் வரிசையாக வைத்து, வீட்டின் பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) பூட்டிவிட்டேன். எட்டும் தத்தம் இடத்துக்கே திரும்பியிருக்கின்றன. மெயின் கேப்களுக்கும் அதே மரியாதையைத் தந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. பை தீர்ந்துபோனதால் அவற்றை எண்ணெய் தடவிப் பழைய நாளிதழில் சுற்றி வைத்தேன்.

முதல் முறை கேப்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக, 60, 120, 165 நியூட்டன் மீட்டர் என மூன்று தவணைகளில் இறுக்கினேன். அதன் பிறகு கிராங்கைச் சுழற்ற நீண்ட பிடியுள்ள ஸ்பேனர் தேவைப்பட்டது. ஒவ்வொரு கேப்பாகத் தளர்த்திப் பார்த்தபோது, நான்காவதைத் தளர்த்தியதும் அது சட்டென்று விடுபட்டது. கேப்பின் எண்ணும் சரி, முன்பக்கம் நோக்கிய அம்புக்குறியும் சரி. எண்ணெய்த் துளையுள்ள மேல் ஷெல்லும் துளையில்லாத கீழ் ஷெல்லும் இடம் மாறவில்லை. கிராங்க்தான் வளைந்திருக்கிறது என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டு, ஒரு வாரம் அந்தக் கவலையிலேயே கழித்தேன்.

அடுத்த வாரம் பிளாஸ்டிகேஜ் வைத்தேன். கேப்பை இறுக்கும்போது நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை அது, நசுங்கிய அகலத்தை அதன் அட்டையிலுள்ள கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும்; அகலம் கூடினால் இடைவெளி குறைவு. பச்சை நிறத்தது 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரை காட்டும். முதல் இழையை நானே வீணாக்கினேன்: கேப்பை இறுக்கிய பிறகு பழக்கதோஷத்தில் கிராங்கைக் கால் சுற்றுத் தள்ளிவிட்டேன், இழை வழித்துத் தேய்ந்துபோனது. இரண்டாவது இழை பேசியது. ஜர்னலின் முன்ஓரத்தில் 0.05 அளவுக்கு நசுங்கியிருந்த அது, பின்ஓரத்தில் அட்டையின் கடைசிக் கோட்டையும் தாண்டி விரிந்திருந்தது. அதாவது அங்கே இடைவெளி 0.025-க்கும் குறைவு. மற்ற நான்கிலும் இழை இரு ஓரத்திலும் ஒரே அகலத்தில் இருந்ததால், வளைந்த கிராங்க் என்ற என் முடிவு அங்கேயே ஆட்டம் கண்டது.

பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அந்த இழையைப் பார்த்துவிட்டு, "கிராங்கை ஏன் தம்பி திட்டுற? ஷெல்லைக் கழற்றிப் பின்பக்கம் பாரு," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். கழற்றினேன். ஷெல்லின் முதுகில், பின்ஓரத்தை ஒட்டி, எள்ளளவில் ஒரு பளபளப்பான புள்ளி இருந்தது. கேப்பின் வளைவிலோ முதலில் எதுவுமே தென்படவில்லை. நகத்தால் கீறியபோதுதான் தோல் உரிவதுபோல ஒன்று எழுந்து வந்தது. நாளிதழ்த் துண்டு. எண்ணெயில் ஊறி, கண்ணாடித்தாள்போல் ஒளிபுகும் நிலைக்கு வந்து, இரும்பின் நிறத்திலேயே ஒட்டிக் கிடந்திருக்கிறது. துணியால் இரண்டு முறை துடைத்தும் வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 'மழை' என்ற சொல்லில் முக்கால்வாசியைப் படிக்க முடிந்தது. அதே நாளிதழின் உலர்ந்த தாளை மைக்ரோமீட்டரில் அளந்தேன்: 0.07 மில்லிமீட்டர். நசுங்கிய துண்டு 0.04. ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளியே 0.05 எனும்போது கிராங்க் எப்படிச் சுழலும்?

பிளாக்கிலும் கேப்களிலுமாக ஷெல்கள் அமரும் பத்து வளைவுகளையும் கரைப்பானால் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து, விரல் நுனியால் ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்த்த பிறகே ஷெல்களை மறுபடியும் அமர்த்தினேன். முதுகுப்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. எண்ணெய் ஜர்னலைத் தொடும் முகத்துக்கு மட்டும். கிராங்க் முன்பின்னாக அதிகம் நகராமல் தடுக்கும் நடு மெயினின் திரஸ்ட் வாஷர்களை, எண்ணெய்ப் பள்ளங்கள் கிராங்கைப் பார்க்கும்படி கிரீஸால் ஒட்டினேன். டயல் கேஜில் முன்பின் அசைவு 0.14 வந்தது, மனம் நிறைந்துவிட்டது.

ஷெல்களையும் கேஸ்கட் செட்டையும் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஓர் உதிரிபாகக் கடையில் வாங்கினேன். காலையில் போய் மாலையில் திரும்புபவருக்கு 100 வெள்ளி (டாலர்) வரைதான் வரிவிலக்கு என்பதால், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மீதித் தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்டினேன். அப்படியும் இங்கே கேட்ட விலையைவிடக் குறைவுதான். கேஸ்கட் செட்டுக்குள் இருந்த ஹெட் கேஸ்கட்டை மட்டும் நான் நம்பவில்லை. பிஸ்டன்கள் பிளாக்கின் மட்டத்துக்கு மேலே எவ்வளவு எழும்புகின்றன என்பதை அளந்து, அதற்கேற்ற தடிமனில்தான் அதை வாங்கவேண்டும். கடைக்காரரோ "எல்லாம் ஒண்ணுதான்" என்றார். வால்வு சீட்டுகளை நானே அரைத்துப் பார்க்கும் ஆசையில் லேப்பிங் பேஸ்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். பிஸ்டன் ஒன்றுகூட உள்ளே போகாத நிலையில் இது அதிகம்தான்.

பிஸ்டன் ரிங்குகளின் முனை இடைவெளிகளை இரண்டு சிலிண்டர்களுக்கு அளந்து முடித்தாயிற்று. சிங்கப்பூர்க் காற்றில் துடைத்த சிலிண்டர் சுவர் ஒரே இரவில் பழுப்பேறிவிடுவதால், ஒவ்வொரு முறையும் எண்ணெய் பூசிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். ராடு கேப்களை அவற்றின் ராடுகளோடேயே பூட்டி வைத்திருக்கவேண்டும். செய்யவில்லை, அவையும் நாளிதழில்தான் இருந்தன. ஞாயிறன்று நான்கையும் பிரித்து நகத்தால் கீறிப் பார்த்ததில் இரண்டில் காகிதம் ஒட்டியிருந்தது. இப்போது அவை மைலோ டின்னில், டீசலில் ஊறிக்கொண்டிருக்கின்றன.