கருவைத் தாயின் உடல் ஏன் நிராகரிப்பதில்லை? தேர்வில் எழுத வேண்டிய விதம்

இமியூனாலஜி (நோய் எதிர்ப்பியல்) தாளில் இந்தக் கேள்வி வந்தால் பலரும் 'நஞ்சுக்கொடி ஒரு தடுப்புச் சுவர்' என்று ஆரம்பித்து அதிலேயே நின்றுவிடுகிறார்கள். தாயின் ஐ.ஜி.ஜி (ஒரு வகை ஆன்டிபாடி) அந்தச் சுவரைத் தாண்டித்தான் கருவுக்குப் போகிறது. கருவின் செல்களும் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. பிரசவித்த பெண்கள் பலரிடம் தந்தைவழி எச்.எல்.ஏ-வுக்கு (தந்தையிடமிருந்து கருவுக்கு வரும் செல் அடையாளப் புரதங்கள்) எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதால், தாயின் உடல் கருவைக் கவனிக்கவே இல்லை என்றும் எழுத முடியாது. 1953-ல் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் சொன்ன மூன்று விளக்கங்களுக்கு (தாய்க்கும் கருவுக்கும் இடையிலான தடுப்பு, கருவின் அடையாளங்கள் முதிராமை, தாயின் எதிர்ப்பு மந்தம்) இரண்டு வரி போதும்.

நேரத்தைப் படத்துக்குக் கொடுங்கள். தாயும் கருவும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் இரண்டு. இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள்.

முதலாவது, தாயின் ரத்தத்தில் நனையும் வில்லஸின் (நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சி) மேற்பரப்பு. அங்கே இருப்பது சின்சிஷியோட்ரோபோபிளாஸ்ட் என்ற செல் அடுக்கு. அதில் எம்.எச்.சி (மனிதரில் இதன் பெயர்தான் எச்.எல்.ஏ) முதல் வகுப்பும் இல்லை, இரண்டாம் வகுப்பும் இல்லை. அந்நிய செல்லை எம்.எச்.சி வழியே அடையாளம் காணும் டி செல்லுக்குப் பிடி கிடைக்காது.

இரண்டாவது, டெசிடுவாவுக்குள் (கர்ப்பகாலக் கருப்பை உட்சுவர்) ஊடுருவும் எக்ஸ்ட்ராவில்லஸ் ட்ரோபோபிளாஸ்ட் (வில்லஸுக்கு வெளியே உள்ள நஞ்சுக்கொடி செல்கள்). வழுக்குவது இங்கேதான்: 'ட்ரோபோபிளாஸ்டில் எம்.எச்.சி கிடையாது' என்று மொத்தமாக எழுதிவிடுவார்கள். முதல் வகுப்பில் எச்.எல்.ஏ-ஏ, பி இரண்டும்தான் இல்லை. சி, இ, ஜி உண்டு. எதுவுமே இல்லாத செல்லை என்.கே. செல் (இயற்கைக் கொலையாளி செல்) கொல்லப் பார்க்கும். எச்.எல்.ஏ-இ அதன் என்.கே.ஜி2ஏ ஏற்பியைப் பிடித்து அடக்குகிறது, எச்.எல்.ஏ-ஜி, எல்.ஐ.எல்.ஆர்.பி1 ஏற்பி வழியே வெள்ளணுக்களை அடக்குகிறது. சி மட்டும் தந்தையின் அடையாளத்தைச் சுமக்கிறது. தாய்க்கு கே.ஐ.ஆர் (எச்.எல்.ஏ-சியை உணரும் என்.கே. செல் ஏற்பிகள்) ஏஏ வகை, கருவுக்குத் தந்தைவழி சி2 (எச்.எல்.ஏ-சியின் ஒரு வகை) என்று அமைந்தால் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய்) ஆபத்து கூடும். இந்த ஒரு வரி விடையின் தரத்தையே உயர்த்தும்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் டெசிடுவாவில் உள்ள வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் கருப்பை என்.கே. செல்களே. அவற்றைக் கொலையாளி என்று எழுதாதீர்கள். கருப்பையின் சுருள் தமனிகளை அகலப்படுத்த உதவுபவை அவை.

டி-ரெக் செல்கள் (எதிர்ப்பை அடக்கும் டி செல்கள்), காம்ப்ளிமென்ட் என்ற செல் அழிக்கும் ரத்தப் புரதங்களைத் தடுக்கும் சிடி46, சிடி55, சிடி59 ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு வரி. ஐ.டி.ஓ என்சைம் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து டி செல்களைப் பட்டினி போடுகிறது. 1998-ல் அதைத் தடுத்தபோது வேற்று மரபணுக் கருக்கள் அழிந்தன, ஒத்த மரபணுக் கருக்கள் பிழைத்தன. அது எலியில் நடந்த சோதனை என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

கடைசியில் பாதுகாப்பு தோற்கும் உதாரணம்: ஆர்எச். சிவப்பணுவில் உள்ள இந்த டி புரதம் தாய்க்கு இல்லாமல் கருவுக்கு இருக்கும் நிலை இது. முதல் பிரசவத்தில் தாய் உணர்திறன் பெறுகிறாள்; அடுத்த கர்ப்பத்தில் ஐ.ஜி.ஜி கடந்து போய்க் கருவின் சிவப்பணுக்களை அழிக்கிறது. இதைத் தடுக்க, பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி. ஐந்து மதிப்பெண் குறிப்பு என்றால் மெடாவரை விட்டுவிடலாம், படத்தை விடக்கூடாது.