தாமான் நெகாராவுக்கு வேனோடு போனால் எந்தக் கரையில் தூங்குவது?

மலேசியாவின் பகாங்கில் உள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு வாசல் கோலா தாஹான். அங்கே தார் ரோடு தெம்பெலிங் ஆற்றங்கரையோடு தீர்ந்துவிடும். கம்பம் (கிராமம்) இந்தக் கரை. பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை) அலுவலகம், காட்டுக்குள் போகும் பாதைகள், ரிசார்ட்டு, கூடாரத் திடல் எல்லாம் அந்தக் கரை. இடையில் படகுதான். ஆகவே காட்டுக்குள்ளேயே வண்டியைப் போட்டுத் தூங்கலாம் என்று மெந்தகாப்பிலிருந்து கேம்பர்வேனில் கிளம்பினால் கணக்கு உதைக்கும். வண்டி கம்பத்துப் பக்கம்தான் நிற்கும், நீங்கள்தான் காலையில் படகேறிப் போய் மாலையில் திரும்ப வேண்டும். கூடாரம் இருந்தால் ஓரிரவு அந்தக் கரையில் தங்கலாம். அப்போது வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளுள்ள இடத்தில் விட்டுவிட்டுப் போங்கள்.

வழி சுலபம். மெந்தகாப், தெமர்லோ, ஜெராண்டுட், அங்கிருந்து செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காடுகளின் ஊடே கோலா தாஹான். மொத்தம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், பாரமேற்றிய வேனுக்கு இரண்டரை மணி நேரம். ஜெராண்டுட்டில் வண்டிக்கு எண்ணெய், ரொக்கம், ஐஸ், காய்கறி நான்கையும் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு செம்பனைக் குலை லாரிகளோடுதான் பயணம்; இருட்டினால் காட்டுப்பன்றி, தெனுக் (டேப்பிர்) குறுக்கே வரும். ஆறு மணிக்குள் போய்ச் சேர்கிற மாதிரி கிளம்புவது நல்லது. போகிற வழியில் ஏதாவது தோட்டத்து ஓரமாக ஒதுங்கிப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தனியார் நிலம், இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். குலை திருட வந்த வண்டி என்று காவல்காரர் நினைத்தால் அவர் மீது குற்றமும் இல்லை.

கம்பத்தில் கேரவனுக்கென்றே கட்டிய திடலைத் தேடி அலைவதைவிட, வாசலில் இடம் இருக்கும் ஷாலே, தங்கும் விடுதிக்காரர்களிடம் போனில் பேசி ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று முடித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பேசும்போது வண்டியின் உயரத்தை முதலில் சொல்லுங்கள். கூரை உயர்த்திய ஹையேஸ், மேலே ஏர்கோனும் வைத்தால் இன்னும் உயரும். ரம்புத்தான் கிளையும் தாழ்வாகத் தொங்கும் மின் ஒயரும் அங்கேதான் வினையாகும். அடுத்து தரையைக் கேளுங்கள்: ஜல்லியா, புல்லா, வெறும் களிமண்ணா? பின்சக்கரம் இழுக்கிற வேன் மழை பெய்த களிமண்ணில் அரை அடி இறங்கினால் தன்னால் ஏறாது. நம் ஊர்ப் பழக்கத்தில் செம்பனை மட்டையை வெட்டி டயருக்கு அடியில் போடுவோம் என்று தோன்றும். மட்டையின் முள் டயரின் பக்கச்சுவரைக் குத்தும், அந்த இடத்தில் குத்தினால் ஒட்டுப் போட முடியாது. இரண்டு பலகை கொண்டுபோங்கள், வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துங்கள். டுரியான் மரத்தடி நிழல் வேண்டவே வேண்டாம். காய்க்காத பருவத்திலும் காய்ந்த கிளை விழும்.

மின்சாரத்தில்தான் பெரும்பாலும் சண்டை வரும். விடுதிக்காரர் அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு மூன்று முள் பிளக்கைக் காட்டுவார். 13 ஆம்பியர், 230 வோல்ட், ஏறக்குறைய 3,000 வாட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனுக்கு 800 முதல் 900 வாட், கெட்டிலுக்கு 2,000, சோறு ஆக்கும் குக்கருக்கு 600. மூன்றையும் சேர்த்துப் போட்டால் அளவைத் தாண்டும், பியூஸ் போகலாம். விடுதிக்காரரின் ஐஸ் பெட்டியும் (பிரிட்ஜ்) அதே லைனில் இருந்தால் அவர் முகமும் போகும். கெட்டிலை கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள், ஆனால் கேஸ் அடுப்பு வண்டிக்கு வெளியே. கதவடைத்த வேனுக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. நீட்டு ஒயர் 20 மீட்டர் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உருளையில் சுற்றியபடியே பாரம் ஏற்றினால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும். சொருகுவதற்கு முன் பிளக் டெஸ்டர் ஒன்றால் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். பின்கட்டாக இழுத்துக் கட்டிய அடுப்படிகளில் எர்த் கம்பி இல்லாமலே பிளக் மட்டும் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் வேனின் இரும்பு உடம்பே மின்சாரமாகிவிடும், ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் தொடுகிறவருக்கு அடி.

பேட்டரியை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆக கையில் இருப்பது 600 வாட்-மணி. சின்ன கம்ப்ரசர் ஐஸ் பெட்டி ஒரு நாளைக்கு 500 கேட்கும், இரவு முழுக்க 12 வோல்ட் விசிறி 300 கேட்கும். பற்றாது. அதே அளவு லித்தியம் என்றால் ஒரு நாள் ஓடும். கூரையில் சோலார் இருக்கிறதே என்பார்கள். மரநிழலிலும் மாலை மழையிலும் அது பெயருக்குத்தான். இன்ஜின் ஓடும்போது இந்தப் பேட்டரியை ஏற்றும் 20 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் மெந்தகாப்பிலிருந்து வரும் இரண்டரை மணி நேர ஓட்டமே 50 ஆம்பியர்-மணி ஏற்றிவிடும், அதைத்தான் நம்பலாம்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். மழைக்குப் பிறகு ஆறு தே தாரேக் (பால் டீ) நிறத்தில் ஓடும், அந்த நேரம் குழாயையும் முழுதாக நம்ப வேண்டாம். கேசட் கழிப்பறையை (வண்டிக்குள் இருக்கும், கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி) ஆற்றிலோ புதரிலோ கொட்டக்கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடுதிக் கழிப்பறையில் கொட்ட அனுமதி கேட்டால் என்ன மருந்து போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பார்மலின் கலந்த நீல மருந்து செப்டிக் தொட்டியின் கிருமிகளைக் கொன்று தொட்டியைக் கெடுத்துவிடும்.

நம்மவர்களுக்குப் பெரிய சிக்கல் நாள்காட்டி. தீபாவளி லீவும் ஆண்டிறுதி லீவும் மழைக்காலத்தின் மேலேயே வந்து விழுகின்றன. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தெம்பெலிங் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் சுற்றுப்பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதங்களில் ஆற்றோரத் திடல் அழகாகத் தெரிந்தாலும் மேட்டில் உள்ள இடத்தையே பிடியுங்கள், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மார்ச், ஏப்ரல் பரவாயில்லை. ஆனால் மாரான் மரத்தாண்டவர் கோயில் பங்குனி உத்திரம் அப்போதுதான்; அந்த வாரம் தெமர்லோ பக்கம் ரூம் கேட்டு அலைய நேரலாம்.

பெரியவர்கள் கூட வந்தால் வேனைவிட கம்பத்தில் ஏர்கோன் ரூம் மேல், படித்துறைப் படிகள் எத்தனை என்று மட்டும் விசாரியுங்கள். ஆறு இறங்கியிருக்கும்போது படகுக்குப் போகும் இறக்கம் நீளும், முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய விஷயம். சிங்கப்பூர் உறவுக்காரர்கள் இருந்தால் ரூம் ஒன்றுக்கு இரவுக்கு 10 மலேசிய வெள்ளி சுற்றுலா வரி தனி; மலேசியர்களுக்கு இல்லை.

வண்டியைக் காட்டு வாசல் வரை கொண்டுபோயே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு கோலா தாஹான் இடமே அல்ல. கோலா லிப்பிஸ், குவா மூசாங் ரோட்டில் மெராபோவிலிருந்து உள்ளே திரும்பினால் சுங்கை ரெலாவ் வாயில், அங்கே ரோடு வாசல் வரை போகிறது. 2,187 மீட்டர் தாஹான் மலை ஏறுகிறவர்கள் பலர் பயன்படுத்தும் வழி. படகு, மிதவை உணவகம், கூட்டம் எதுவும் இல்லை, கடையும் குறைவு. வண்டியை இரவில் உள்ளே நிறுத்த பெர்ஹிலித்தானிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், வார நாளில், அலுவலக நேரத்தில்.