தீப்பெட்டி சார்

கேட்டில் செக்யூரிட்டி மேஜைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். டிரைவர், கிளீனர், லோடுமேன், யாராக இருந்தாலும் தீப்பெட்டியையும் லைட்டரையும் அதில் போட்டுவிட்டுத்தான் யார்டுக்குள் வர வேண்டும். ஷிஃப்ட் முடிந்து போகும்போது யாரும் தன்னுடையதைத் தேடுவதில்லை. கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பதினோரு வருடமாக அந்த டின்னுக்கு நான்தான் பொறுப்பு. அடையாள அட்டையில் சேஃப்டி ஆபீசர். லோடுமேன்கள் வைத்த பேர் ‘தீப்பெட்டி சார்’.

யார்டு இருப்பது மணலிப் பக்கம். துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர்களை இங்கே திறந்து சரக்கை இறக்குவோம், ஏற்றுமதிச் சரக்கை அடைப்போம். ஒரு மூலையில் டி.ஜி. ஸ்டாக், அதாவது ஆபத்தான சரக்கு அடுக்கும் இடம். சிவப்பு டைமண்ட் ஸ்டிக்கரில் தீ ஜுவாலை, கீழே 3 என்று இருந்தால் உள்ளே எரியும் திரவம். பெயின்ட், தின்னர், இந்த மாதிரி. அங்கே ஒரு பீடி என்ன செய்யும் என்று யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நானும் தம் அடிப்பவன்தான். ஒரு நாளைக்கு நாலு, எல்லாம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில். அதனால் இந்தப் பழக்கத்துக்குள் ஓடுகிற மரியாதைக் கணக்கு எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஆளிடம் பத்து ரூபாய் கேட்டால் முறைப்பான். “அண்ணே, நெருப்பு” என்றால் வாயிலிருக்கும் சிகரெட்டையே எடுத்து நீட்டுவான். மேஸ்திரி வந்தால் லோடுமேன் பீடியை உள்ளங்கைக்குள் திருப்பிப் பிடித்துக்கொள்வான், நெருப்பு உள்பக்கம். சுடாதா என்று ஒரு லோடுமேனிடம் ஒருமுறை கேட்டேன். “பழகிப் பூடும் சார்” என்றார். கைக்குழந்தையோடு யாராவது கடைக்கு வந்தால் பெஞ்சிலிருந்து நாலு பேர் எழுந்து ரோட்டோரம் போய் நிற்பார்கள். என் அப்பா தண்டையார்பேட்டையில் தெருமுனையில் புகைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய சித்தப்பா வந்துவிட்டார். அவசரத்தில் சிகரெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பையையே பொசுக்கிக்கொண்டார். அப்போது அப்பாவுக்கு வயது நாற்பத்தெட்டு.

இதைப் பெரிய பண்பாடு என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன். பாதி பயம், பாதி கூச்சம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்றார்கள். எங்கள் டீக்கடையில் அந்த 200 ரூபாயைக் கட்டினவனை நான் பார்த்ததில்லை. சித்தப்பாவுக்குப் பயந்து சட்டை பொசுங்கினதைப் பார்த்திருக்கிறேன்.

வேப், அதாவது மின்சிகரெட், எங்கள் ஆபீசுக்கு வந்தது மாம்பழ வாசனையாக. “யாருப்பா இது, பிப்ரவரியிலயே மாம்பழம்?” என்று பில்லிங் அக்கா தலையைத் தூக்கினார். இம்போர்ட் டாக்குமென்டேஷன் பையன் மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தான். ஹைலைட்டர் பேனா மாதிரி ஊதா நிறத்தில் ஒன்று. உறிஞ்சினால் நுனியில் குட்டி நீல விளக்கு எரியும். கேட்டில் இருக்கும் பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, விதிப்படி ரெஜிஸ்டரில் ‘பென் டிரைவ் - 1’ என்று எழுதி, திருப்பிக் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

பையன் விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கத்தில் தங்கியிருக்கிறான். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி. அப்பாவோடு சீட்டாட வருகிற ஒருவர் அங்கேதான் வேலை பார்த்தார். வீட்டில் தீப்பெட்டி காசு கொடுத்து வாங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. இதைச் சொன்னபோது பையன் மரியாதைக்குச் சிரித்தான். அவனுக்குத்தான் தீப்பெட்டியே வேண்டாமே.

“வெறும் ஆவி சார். தண்ணி ஆவி” என்பான். தண்ணீர் ஆவி இல்லை. உள்ளே பேட்டரி, கம்பிச்சுருள், பஞ்சு. பஞ்சில் ஊறியிருப்பது கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால், எசன்ஸ், கூடவே நிகோடின். கம்பி சூடாகும்போது நுண்துளிகளாக வெளியே வருவது அதுதான். எதுவும் எரியாததால் சிகரெட்டின் தார் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நிகோடின் இருக்கிறதே, அப்புறம் பிடி எப்படி விடும்? லண்டனில் சிகரெட்டை விடுவதற்கு இதைத்தான் சொல்கிறார்கள் என்று வாதாடுவான். உண்மைதான், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை பெரியவர்களுக்கு அப்படி ஒரு வழியைச் சொல்கிறது. அதே பிரிட்டன், தீர்ந்ததும் தூக்கிப்போடுகிற வகையை 2025 ஜூன் 1 முதல் விற்கக் கூடாது என்று தடுத்ததையும் சொன்னேன். இவன் சிகரெட்டே பிடித்ததில்லை, எதை விடுவதற்கு?

இங்கே கதையே வேறு. தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. 2019-ல் மத்தியச் சட்டம் வந்தது. தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்ய எதற்கும் அனுமதியில்லை. முதல் தடவை மாட்டினாலே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இழுப்பதைப் பற்றிச் சட்டம் தனியாக எதுவும் சொல்லவில்லை. எந்தப் பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று வாடிக்கையாளருக்குப் போனில் விளக்குவது அந்தப் பையனின் தினசரி வேலை. ஊதா பேனா அப்போதும் மேஜையில் இருக்கும். எங்கிருந்து வாங்கினாய் என்றால் சிரிப்பான்.

கடையில் வெளிப்படையாக விற்பதை நாங்கள் மறைந்து குடிக்கிறோம். விற்கவே கூடாததை ஏசி அறையில் உட்கார்ந்து இழுக்கிறார்கள். இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்கு உறைக்க நாளானது.

அக்கவுன்ட்ஸில் ஒரு பெண்ணிடமும் வேப் உண்டு. மாடிப்படியில் தற்செயலாகப் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அவள் டீக்கடையில் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்தால் திருவொற்றியூர் ஹைரோடே திரும்பிப் பார்க்கும், சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுக்குப் போன் போகும். அவளுக்கு அந்த வாசனை ஒரு மறைப்பு. அதை நான் குறை சொல்வதற்கில்லை.

மார்ச்சில் லாரி எடை போடும் வே பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு லோடுமேன் பீடியோடு மாட்டினார். டி.ஜி. ஸ்டாக்குக்கும் அந்த இடத்துக்கும் நல்ல தூரம். ஆனாலும் ரூல் ரூல்தான். ரிப்போர்ட் எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாள் சம்பளம் போனது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, மிச்சத்தைச் செருப்பில் நசுக்கி அணைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் கஸ்டம்ஸ் எக்ஸாமினேஷனுக்கு முன்னால் சீல் நம்பர் சரிபார்க்க அந்தப் பையன் டி.ஜி. பக்கம் வந்தான். சாதாரண செல்போனையே எடுத்துப் போகக் கூடாத இடம். கையில் பேப்பர் லிஸ்ட், தலைக்கு மேலே சிவப்பு டைமண்ட், வாயில் ஊதா பேனா. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். “சார், இதுல நெருப்பே இல்ல” என்றான். சூடேறுகிற கம்பியும் லித்தியம் பேட்டரியும் இருக்கிறது என்று கத்தினேன். மேனேஜரிடம் போனேன். “விடுப்பா, பசங்க. என்ன, பத்தவா வெச்சான்?” என்றார். நானும் விட்டுவிட்டேன். ரிப்போர்ட் எழுதவில்லை. அயர்ன் பண்ணின சட்டை, இங்கிலீஷ், மாம்பழ வாசனை, இதில் எது என் பேனாவைத் தடுத்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இது நடந்ததை, கண்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்த அந்த லோடுமேன் பார்த்திருக்கிறார். மறுநாள் டீக்கடையில் எனக்கு நெருப்பு கொடுத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னா சார், நம்பளது நாறுது. அதான?”

அவர் கையிலிருந்த பீடி அணைகிற வரை எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வாரமே கேட் போர்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மேனேஜரிடம் கேட்கவில்லை. பெயின்டர் தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட்டுக்குக் கீழே ‘வேப்பு’ என்று எழுதிவிட்டார். மறுநாள் விடியற்காலை நாமக்கல் டிரைவர் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்த குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “வேப்பங்குச்சி கூடவா சார் ஆவாது?” என்று கேட்டார். பெரியவர் அதையும் ரெஜிஸ்டரில் எழுதுவதற்குள் ஓடிப்போய்த் தடுத்தேன்.

இப்போது டின்னில் ஊதா பேனாவும் கிடக்கிறது. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போடுகிறான். போன சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் லோடுமேன் டின்னைத் துழாவினார். கைக்கு அதுதான் முதலில் வந்தது. மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“மாம்பயம்” என்று சொல்லி, திரும்ப உள்ளே போட்டுவிட்டு, யாருடையதோ ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.