ஹாமெலின் வயலின் கலைஞன்

1996-இல் டிவி டோக்கியோவில் தொடங்கி 25 அத்தியாயங்களில் நிறைவுற்ற ‘ஹாமெலின் வயலின் கலைஞன்’ என்னும் ஜப்பானிய அனிமே தொடரை, அதன் குறைகளை அறிந்தே நேசிக்கிறேன். பெருவயலினை ஏந்திய ஹாமெலும் பொற்பியானோ வாசிக்கும் ரையெலும் அசுரர்களை இசையால் எதிர்கொள்கிறார்கள். அசுர வேந்தனின் மகன் என்ற பிறப்புச் சுமை ஹாமெலை உள்ளிருந்தே அரிப்பதைத் தொடர் அவசரமின்றிச் சொல்கிறது. மூலப் படக்கதையில் நிறைந்திருந்த நகைச்சுவையைப் பெரும்பாலும் அகற்றி, துயரத்தை முன்னிறுத்தியது துணிச்சலான முடிவு. பலர் வருந்தினாலும் எனக்கு அதுவே சரியெனப் படுகிறது.

அசைவின்மைதான் பெருங்குறை. போர்க்களக் காட்சிகளில்கூட அசையாத ஓவியங்களின் மீது கேமரா மட்டும் நகர்கிறது; வில் நரம்பைத் தொடும் இயக்கத்தைப் பல இடங்களில் காட்டாமல் வயலின் ஒலியை மட்டும் கேட்கவிடுவது, இசையையே ஆயுதமாகக் கொண்ட கதைக்குப் பேரிழப்பு.