கும்பகோணத்தின் நகரம்

மகாமகக் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அப்பா தொடங்கிய தட்டச்சுப் பயிலகத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். ஒரு காலத்தில் இருபது இயந்திரங்களும் காலை ஆறு மணிக்கே தடதடக்கத் தொடங்கிவிடும். இன்று ஆறு இயந்திரங்களுக்குத்தான் ஆள் இருக்கிறது. மீதி நேரத்தில் பிள்ளைகள் வேலை விண்ணப்பங்களைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அவற்றின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கிறேன்.

சென்ற வாரம் வந்தவள் வலங்கைமான் பக்கத்துப் பெண், பி.காம். முடித்தவள். மொழிபெயர்ப்பு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நம் ஊரைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, தமிழில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். "தி சிட்டி ஆஃப் கும்பகோணம்" என்று தொடங்குகிறது பத்தி. அவள் எழுதியிருந்த முதல் வரி இது: "கும்பகோணத்தின் நகரம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் அமைந்துள்ளது."

"கும்பகோணத்துக்கு ஒரு நகரம் தனியாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தப்பு என்று தெரிகிறது டீச்சர். ஆனால் 'பீப்பிள் ஆஃப் கும்பகோணம்' என்றால் கும்பகோணத்தின் மக்கள் என்றுதானே எழுதுகிறோம்? அங்கே சரியாக இருக்கும் 'இன்' இங்கே ஏன் தப்பாகிறது?" என்றாள்.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியவளுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும்.

கும்பகோணத்து மக்கள் வேறு, கும்பகோணம் வேறு. ஊர் உடையது, மக்கள் உடைமை. 'உடைய' என்ற ஆறாம் வேற்றுமைக்கு அங்கே வேலை இருக்கிறது. நகரம் அப்படியில்லை. நகரம்தான் கும்பகோணம், கும்பகோணம்தான் நகரம். ஒரே பொருளுக்குப் பொதுப்பெயர் ஒன்று, சிறப்புப்பெயர் ஒன்று. ஆங்கிலம் இரண்டு இடத்திலும் 'ஆஃப்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறது. நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதைப் பிரித்துப் பார்க்கும் கருவி நம் பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது: இருபெயரொட்டுப் பண்புத்தொகை. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். சாரைப்பாம்பு என்றால் சாரை ஆகிய பாம்பு. மல்லிகைப்பூ என்றால் மல்லிகை ஆகிய பூ. சிறப்புப்பெயர் முன்னே, பொதுப்பெயர் பின்னே, நடுவில் 'ஆகிய' மறைந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்' வரும் இடத்தில் இந்த 'ஆகிய'வைப் போட்டுப் பாருங்கள். கும்பகோணம் ஆகிய நகரம்: பொருந்துகிறது, எனவே கும்பகோணம் நகரம் என்று எழுதினால் போதும். கும்பகோணம் ஆகிய மக்கள்: பொருந்தவில்லை, எனவே கும்பகோணத்து மக்கள்.

பள்ளிச் சுற்றுலாவில் தரங்கம்பாடிக்குப் போயிருந்ததாகச் சொன்னாள். டேனிஷ் கோட்டையைப் பார்த்தவளுக்கு அதையே உதாரணமாகச் சொன்னேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டுதான் டேனிஷ்காரர்கள் அங்கே கால் ஊன்றினார்கள். 'கிங்டம் ஆஃப் டென்மார்க்' என்றால் டென்மார்க் ஆகிய அரசு. 'கிங் ஆஃப் டென்மார்க்' என்றால் டென்மார்க்கை ஆளும் அரசர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இடையே ஓர் அசைதான் வித்தியாசம், உறவோ முற்றிலும் வேறு. வரலாற்றுப் பாடத்தில் வரும் 'பேட்டில் ஆஃப் பிளாசி' மூன்றாவது வகை. 1757-இல் பிளாசியில் நடந்த போர். அங்கே மறைந்திருப்பது ஏழாம் வேற்றுமை. பிளாசியின் போர் என்று எழுதினால் பிளாசி யாருடனோ சண்டை போட்டதுபோல் ஆகிவிடும்.

அடுத்ததாக அவள் கேட்டது ஆற்றைப் பற்றி. சிட்டிக்கு 'ஆஃப்' உண்டென்றால் காவிரிக்கும் 'ரிவர் ஆஃப் காவேரி' என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. இன்றைய ஆங்கிலத்தில் ஆறு, ஏரி, மலைச்சிகரம் ஆகியவற்றின் பெயருக்கு முன்னால் பொதுவாக 'ஆஃப்' வருவதில்லை. ரிவர் தேம்ஸ், லேக் விக்டோரியா, மவுண்ட் எவரெஸ்ட். அமெரிக்கர்கள் மிசிசிப்பி ரிவர் என்று நம்மைப்போலவே பெயரை முன்னால் வைக்கிறார்கள். நகரம், கிராமம், மாவட்டம், தீவு, மாதம் இவற்றுக்குத்தான் 'ஆஃப்'. ஏன் இப்படி என்று கேட்டால் வழக்கு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆற்றுக்கும் முன்பு 'ஆஃப்' இருந்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், 'ரிவர் ஆஃப் ஜோர்டான்' என்றே இருக்கிறது. தமிழ் பைபிளில் அதே இடம் யோர்தான் நதி. ஆங்கிலம் பிறகு மாற்றிக்கொண்ட ஒன்றில் தமிழுக்கு மாற்றவேண்டிய தேவையே வரவில்லை. காவிரியாறு அன்றும் காவிரியாறுதான்.

கடலுக்குப் போனால் விஷயம் இன்னும் சுவையானது. கோடியக்கரையில் நின்றால் வடகிழக்கே விரிவது வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. இன்னும் தெற்கே, ராமேஸ்வரத்தைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. தமிழில் மூன்றுக்கும் ஒரே அமைப்பு. ஆங்கிலத்தில் 'பே ஆஃப் பெங்கால்', 'கல்ஃப் ஆஃப் மன்னார்', ஆனால் 'பாக் ஸ்ட்ரெயிட்'. வங்காளமும் மன்னாரும் இடங்கள். பாக் என்பது ஆள்: பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக். இடத்தின் பெயரைத் தாங்கிய நீர்ப்பரப்புக்கு 'ஆஃப்' வருவதும், ஆளின் பெயரைத் தாங்கியதற்குப் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்வதும் ஆங்கிலத்தின் பொதுப்போக்கு. ஹட்சன் பே அப்படித்தான். 'ஸ்ட்ரெயிட் ஆஃப் மெகல்லன்' போல மீறி நிற்பவையும் உண்டு, அதனால் இதைச் சட்டமாக நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள்: வங்காள விரிகுடாவில் 'ஆகிய' பொருந்தாது. வங்காளம் விரிகுடா அல்ல, அதை ஒட்டிய நிலம். கும்பகோணம் நகரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் கண் விரிந்தது.

பல்கலைக்கழகப் பெயர்களிலும் இதே போக்குதான். 1857-இல் தொடங்கியது 'யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்'. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் இருப்பது 'அண்ணாமலை யுனிவர்சிட்டி'. ஒன்று ஊரின் பெயர், மற்றது ஆளின் பெயர். என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பாதியில் 'யுனிவர்சிட்டி ஆஃப் பாரதிதாசன்' என்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறேன். சான்றிதழில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள் பிள்ளைகளே.

அவளுக்குக் காட்டுவதற்காக பீரோவைத் திறந்து தாத்தாவின் நிலவழக்குத் தீர்ப்பு நகலை எடுத்தேன். 1940-களில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. தாள் பழுப்பேறி மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. 'ஓ' எழுத்து விழுந்த இடத்திலெல்லாம் தாள் ஊசி குத்தியதுபோல் ஓட்டையாகியிருக்கிறது, அவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறார் அந்த எழுத்தர். நிலம் இருக்கும் இடத்தைச் சொல்லும் வரியில் மூன்று 'ஆஃப்': இன்ன கிராமம், கும்பகோணம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா. மூன்றும் 'ஆகிய' வகை. ஆங்கிலம் கிராமத்தில் தொடங்கி ஜில்லாவில் முடிகிறது. அதே நிலத்தின் தமிழ்க் கிரயப் பத்திரத்தைப் பக்கத்தில் விரித்தேன். "தஞ்சாவூர் ஜில்லா கும்பகோணம் தாலுகா" என்று பெரிதில் தொடங்கி, கிராமத்துக்கு இறங்கி, வாய்க்காலைச் சொல்லி, வரப்பில் வந்து நிற்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகக் கடைசியில் நம் வயல் மடைக்கு வந்து சேரும் வழியும் இதுதான். இந்த வரிசையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆகவே மொழிபெயர்க்கும்போது 'ஆஃப்'-ஐ மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். கைப்பேசிச் செயலிகள் சில சமயம் இதைச் சரியாகச் செய்கின்றன, சில சமயம் கும்பகோணத்தின் நகரத்தைக் கட்டிவிடுகின்றன. அவள் வரியும் அங்கிருந்துதான் வந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

பத்தியின் இரண்டாவது வரி மகாமகத்தைப் பற்றியது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 'இன் தி மந்த் ஆஃப் மாசி'. 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. "மாசியின் மாதத்தில்" என்று எழுதியிருந்ததைத் தானே அடித்து, "மாசி மாதத்தில்" என்று மாற்றினாள். பிறகு முதல் வரிக்குத் திரும்பினாள். கும்பகோணம் நகரம் என்று எழுதினாள். பேனாவைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"டீச்சர், கும்பகோணம் ஒரு நகரம் என்று தமிழ் படிக்கிறவர்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

நகரத்தை அடித்தாள். தாளில் இப்போது இருப்பது: "கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது."