ஓடிபி வீட்டுக்காரர் போனுக்குப் போகிறது: ஆன்லைன் பயிற்சியில் பெண்களைச் சேர்த்த அனுபவம்

எங்கள் மகளிர் குழுப் பெண்களை அரசின் இலவச ஆன்லைன் திறன் பயிற்சியில் ஒருவழியாகச் சேர்த்தாகிவிட்டது. பாடம் யாருக்கும் பெரிய கஷ்டமாக இல்லை. உள்ளே நுழைவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்கள் ஊரிலும் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால், படிவத்தைத் திறக்கும் முன்பே அவரவர் ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான்.

அரசின் பயிற்சித் தளமான ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப், ஆவணங்களை போனிலேயே வைத்துக்கொள்ளும் டிஜிலாக்கர் எதுவானாலும், ஆதார் சரிபார்ப்பு என்று வந்துவிட்டால் ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்கு மட்டும்தான் வரும். பல பேருக்கு அது கணவர் எண். அவர் திருப்பூரில் ஷிப்டில் இருப்பார். போனைப் பார்த்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் ஓடிபி காலாவதி. சிலருக்கு அண்ணன் எப்போதோ வாங்கிக் கொடுத்த சிம். ரீசார்ஜே செய்யாமல் 90 நாளுக்கு மேல் சும்மா கிடந்தால் கம்பெனி இணைப்பைத் துண்டித்து, பின்னால் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் ஓடிபி யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போகும்.

எந்த எண் இருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆதார் எண்ணையும் மொபைல் எண்ணையும் போட்டால் இரண்டும் இணைந்திருக்கிறதா என்று சொல்லிவிடும்.

எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்தில் விரல் வைத்து 75 ரூபாய் கட்டினால் போதும். ஆவணம் ஒன்றும் வேண்டாம். நாங்கள் போன மையத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் இது தெரியாது போலிருக்கிறது. "கல்யாண சர்ட்டிபிகேட் எங்கம்மா? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று வரிசையில் நின்ற அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார். எல்லாருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. அடுத்த தடவை ஆதார் ஆணையத் தளத்திலிருந்து அந்த விதியை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தோம். ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் ரேகை அழிந்த கைகள் நிறைய. இயந்திரம் விரலை ஏற்கவில்லை என்றால் கருவிழி ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ரசீதில் மொபைல் எண்ணின் 10 இலக்கத்தையும் அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். ஒன்று தப்பினாலும் மறுபடி 75 ரூபாய். மையம் தூரம் என்றால் தபால்காரரைக் கேளுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக வீட்டு வாசலிலேயே எண்ணை மாற்றித்தரும் சேவை உண்டு. இன்னொன்று: ஓடிபி வாங்க ஸ்மார்ட்போன் வேண்டாம். ஒரு பட்டன் போனும் சொந்த சிம்மும் போதும். பாடத்தை மகள் போனில் பார்க்கலாம், ஓடிபி மட்டும் தன் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த தலைவலி ஜிமெயில். போன் வாங்கிய கடையிலேயே பையன் ஏதோ ஒரு ஐடி போட்டுக் கொடுத்திருப்பான். பாஸ்வேர்ட் அவனுக்கும் ஞாபகமில்லை. மீட்க முயன்று நேரத்தைக் கொல்லாமல் புதிதாகத் தொடங்கி, மீட்பு எண்ணாக அவரவர் எண்ணையே கொடுத்தோம். பாஸ்வேர்டைக் குழு நோட்டில் எழுதாமல், ஒவ்வொருவரும் வீட்டில் பத்திரமான இடத்தில் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு பெயர் ஒத்துப்போகாது. ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளுக்கும் 2 முறைதான் மாற்ற முடியும். எந்த எழுத்தில் நிற்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு மாற்றுங்கள்.

பதிவு முடிந்ததும் வகுப்பு தானாக ஓடுகிறது. வீடியோ தரத்தைக் குறைத்து 360பி-யில் வையுங்கள், இல்லாவிட்டால் அன்றைய 1.5 ஜிபி மத்தியானமே தீர்ந்துவிடும். ஆங்கிலப் பாடம் புரியாதவர்களுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற வீடியோ பாடத் தளத்தில் லிப்ரே ஆபிஸ் (கடிதம், கணக்கு அட்டவணை செய்யும் இலவச மென்பொருள்) பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. டவுன்லோட் செய்து நெட் இல்லாமலும் பார்க்கலாம்.

தேர்வு நடுவில் மாமியார் போன் பண்ணினார், ஒருவருக்குத் திரை மாறி தேர்வு மூடிக்கொண்டது. அதிலிருந்து போனை ஃபிளைட் மோடில் போட்டு, இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டை வைஃபை வழியாக எடுத்து எழுதச் சொல்கிறோம். தொல்லையே இல்லை.

உதவித்தொகை உள்ள பயிற்சி என்றால், பணம் பெரும்பாலும் நீங்கள் கடைசியாக ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். படிவத்தில் நீங்கள் எழுதிய கணக்குக்கு அல்ல. மைஆதாரில் உள்நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும்.

சான்றிதழ் கைக்கு வந்த கையோடு "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி" என்று வாட்ஸ்அப்பில் ஆள் வருவார்கள். பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று வாயைத் திறந்தாலே பிளாக் செய்யுங்கள். இன்னொரு வகை முதலில் காசு கேட்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "உங்கள் டைப்பிங்கில் தப்பு அதிகம், வக்கீல் நோட்டீஸ் வரும்" என்று பிறகு மிரட்டும். பயந்து பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கியில் முடக்க வழியிருக்கும்.